ஔவைப் பாட்டி எங்கே போயிருந்தாள்?

தொடர்கதை படிக்கும் பெண்களை ஏமாற்ற முடியாது. பத்திரிகைக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் கற்றுக்கொண்ட பாடம் இது. கதாசிரியர் பத்தாவது வாரத்தில் கதாநாயகியின் பெரியம்மாவைக் காசிக்கு ரயிலேற்றி அனுப்பியிருப்பார். இருபதாவது வாரத்தில் மறதியாக அவளைக் கூடத்து ஊஞ்சலில் உட்கார வைத்து வெற்றிலை போடச் செய்துவிடுவார். அவ்வளவுதான்! மறுவாரமே கடிதங்கள் வந்து குவியும். "காசிக்குப் போன பெரியம்மா எப்போது திரும்பினாள்? கங்கைத் தீர்த்தம் கொண்டுவந்தாளா?" என்று கேட்காத ஊர் கிடையாது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. கதை முடிந்து, வாசகர்கள் அழுது ஓய்ந்து, பல காலம் ஆனபிறகு, அதே கதைக்கு முன்கதை ஒன்று எழுதுவது. எழுதுவதோடு நில்லாமல் அதில் புதிதாக ஒரு பெரியவரைக் கொண்டு வந்து நுழைப்பது. கதாநாயகியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான், புத்தி சொன்னவர் அவர்தான், ஆபத்துக் காலத்தில் கை கொடுப்பவரும் அவர்தான் என்று எழுதிவிட்டால், வாசகி உடனே மூலக்கதையைப் புரட்டுகிறாள். "இப்படி ஒரு மகராசி இருந்திருந்தால், அந்தப் பெண் தன்னந்தனியாக நின்று கண்ணீர் விட்டபோது அவள் எங்கே போயிருந்தாள்?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதானே?

இந்தக் கேள்வி சமீபத்தில் எங்கள் வீட்டிலேயே எழுந்தது. கேட்டவள் பன்னிரண்டு வயசுப் பெண். கேட்கப்பட்டதோ நேற்றைய தொடர்கதையைப் பற்றி அல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக் கதையைப் பற்றி!

* * *

என் அக்காவின் வீட்டுக்காரருக்குக் கள்ளக்குறிச்சியில் உத்தியோகம். 2019-ம் வருஷம் தனி ஜில்லாவாகிவிட்ட ஊர். அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீளமாகப் படுத்திருப்பது தெரியும். பௌர்ணமிக்கு முதல் நாள் இரவு, கிழக்கே நிலா எழும்பி மலை முழுவதும் சாம்பல் பூசினாற்போல் ஆகியிருந்தது. பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் தன் பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம், கதை கேட்டாள். மலையையும் நிலாவையும் பார்த்ததும் அம்மாவுக்குப் பாரி மகாராஜன் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா சொன்ன கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொன்ன கதைதான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. அவனிடம் வந்து தங்கிவிட்டுப் புறப்பட்ட ஔவைப் பாட்டியைப் பிரிய மனமில்லாமல், வழியில் ஆள் விட்டு அவள் பரிசுப் பொருளைப் பறிக்கச் சொன்னான். பொருள் போனால் திரும்பி வருவாள் அல்லவா, அதற்காக! பிறகு சேர சோழ பாண்டியர் மூவரும் பொறாமைப்பட்டுப் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்றார்கள். அவன் பெண்கள் அங்கவையும் சங்கவையும் குடிசையில் கஷ்டப்பட்டார்கள். ஒரு நாள் மழையில் நனைந்து ஔவைப் பாட்டி வந்தாள். பெண்கள் தங்கள் நீலச் சிற்றாடையைக் கொடுத்துக் கீரை சமைத்துப் போட்டார்கள். மனம் குளிர்ந்த பாட்டி, திருக்கோவலூர் அரசன் தெய்வீகனுக்கு அவர்களைக் கல்யாணம் பேசி முடித்தாள். பிள்ளையாரே வந்து ஓலை எழுதினார். மூவேந்தரும் வந்தார்கள். பனம்பழம் வேண்டும் என்றார்கள். பாட்டி பாடினாள், வெட்டிக் கிடந்த பனந்துண்டம் குருத்து விட்டுப் பழுத்தது. பெண்ணை ஆற்றில் தண்ணீருக்குப் பதில் பாலும் நெய்யும் ஓடின. எல்லோரும் வயிறார உண்டார்கள்.

அம்மா கதையை முடித்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

"பாட்டி, அப்பாவைக் கொன்றவர்களையா கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்?" என்றாள் குழந்தை.

அம்மாவின் கை பாக்குவெட்டியோடு நின்றது.

"அது மட்டுமில்லை பாட்டி. பனந்துண்டைப் பழுக்க வைக்கிறவளுக்குச் சண்டையை நிறுத்தத் தெரியாதா? பாரி அவ்வளவு சிநேகமாச்சே. அப்போ ஔவைப் பாட்டி எங்கே போயிருந்தாள்?"

"கதைக்குக் கால் ஏதடி? போய்ப் படு" என்றாள் அம்மா. ஆனால் அவளும் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"சித்தி, நீ பத்திரிகையில்தானே இருக்கே? நீ சொல்லேன்" என்று குழந்தை என் பக்கம் திரும்பினாள்.

* * *

மூலக்கதைக்குப் போவோம். அது புறநானூற்றில் இருக்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதை 1894-ம் வருஷம் அச்சிட்டார்.

அதில் 112-வது பாட்டு பாரியின் பெண்களே பாடியது. ஐந்தே அடிகள். போன மாதம் நிலாக் காய்ந்தபோது தகப்பனார் இருந்ததையும் மலை தங்களுடையதாக இருந்ததையும், இந்த மாத நிலாவில் இரண்டும் இல்லாததையும் சொல்கிறார்கள். ஒப்பாரி இல்லை, சாபம் இல்லை. அந்தப் பெண்களின் பெயர்கூட அங்கே கிடையாது. 'பாரி மகளிர்' என்று மட்டும் இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலத்துக் கதை வைத்த பெயர்கள்.

அவர்களுக்கு ஒரு பெரியவர் துணை இருந்தது உண்மை. ஆனால் அவர் ஔவையார் அல்ல; கபிலர். பாரியின் ஆப்த நண்பர். முற்றுகையின்போது மூவேந்தருக்கு எதிரே நின்று, படையால் இந்த மலையை வெல்ல முடியாது, உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக் கிழங்கும் தேனும் தருகிற மலை இது என்று பாடியவர் அவர். பறம்பு நாட்டின் முந்நூறு ஊரையும் இரவலர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், மீதி இருப்பது நாங்களும் பாரியுமே என்று சொன்னவரும் அவர்தான். பாரி இறந்த பிறகு இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கினார். விச்சிக்கோன் என்ற சிற்றரசனிடம் போய், "இவர்கள் பாரியின் மக்கள், ஏற்றுக்கொள்" என்றார். காரியம் பலிக்கவில்லை. இருங்கோவேளிடம் போனார். அவனும் மதிக்கவில்லை. புலவரை அவமதித்த உன் முன்னோரின் ஊர் என்ன கதி ஆயிற்று தெரியுமா என்று கடிந்துவிட்டு வந்தார். கடைசியில் பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு, தாம் வடக்கிருந்து உயிர் துறந்தார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்த இடம் நெஞ்சில் தைக்கும். வரன் தேடி இரண்டு வீட்டு வாசல் ஏறி, இரண்டிலும் தலை குனிந்து திரும்பிய பெரியவர்! பெயரும் புகழும் இருந்தும் காரியம் நடக்கவில்லை. மூலக்கதையில் கபிலர் வெற்றி பெற்ற குருநாதர் அல்ல, தோற்றுப்போன காவலர். அந்தத் தோல்விதான் கதையின் உயிர்.

* * *

மறுநாள் குழந்தையையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தியாகதுருகம் வழியாகத் திருக்கோவலூருக்குப் பஸ் ஏறினேன். அதுவும் இந்த ஜில்லாவிலேயே இருக்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே ஒரு பெரும் பாறை. அதன் தலையில் சிறு கோயில். கபிலர் குன்று என்று ஊரார் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது ஆற்றில் மணல்தான் அதிகம். பாலும் நெய்யும் ஓடின ஆறா இது என்று அம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

பக்கத்திலேயே வீரட்டேசுவரர் கோயில். அங்கே முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கபிலரைப் பற்றிச் சொல்கிறது. பாரி அடைக்கலமாக விட்ட பெண்ணை மலையருக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல் இது என்பது அதன் சாரம். மலையர் என்றால் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் வம்சத்தார். அடிக்குறிப்பில் வடக்கிருந்தவர், கல்வெட்டில் தீப்புகுந்துவிட்டார். அடிக்குறிப்பில் பார்ப்பாரிடம் இருந்த பெண், கல்வெட்டில் அரசர் வீட்டு மருமகளாகிவிட்டாள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பெண்ணைக் கொடுத்தவர் இன்னும் கபிலர்தான். ஔவையார் வரவில்லை.

அதே கோயிலில் பெரியானைக் கணபதி சந்நிதி. ஔவையார் இங்கேதான் விநாயகர் அகவல் பாடினார், கணபதி தம் துதிக்கையால் அவரைத் தூக்கிக் கைலாயத்தில் சேர்த்தார், யானையிலும் குதிரையிலும் கைலாயம் புறப்பட்ட சுந்தரருக்கும் சேரமான் பெருமாளுக்கும் முன்னாலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது ஐதீகம். ஆக, ஒரே கோயிலில் ஒரு பக்கம் கபிலர், மறு பக்கம் ஔவையார். பிற்காலத்துத் தனிப்பாடல்களில் கபிலர் மெல்ல ஒதுங்கிக்கொள்ள, ஔவையார் கல்யாணப் பந்தலுக்குள் வந்துவிடுகிறார்.

எங்கிருந்து வந்தார்? நூல் இழை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அகநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாட்டில், பாரியின் பறம்பு மலையிலிருந்து காலையில் பறந்து போய் நெற்கதிர் கொண்டுவந்த குருவிகள் உவமையாக வருகின்றன. பாரியின் பெண்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. அந்தக் குருவி கொண்டுவந்த ஒரு கதிரை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் கல்யாண விருந்தே சமைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

வந்த பிறகுதான் சிக்கல். புறநானூற்று ஔவையார் யாருடைய ஆள்? தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைப் புலவர். அந்த அதியமான் திருக்கோவலூர்மேல் படையெடுத்து வென்றவன். அந்த வெற்றியை ஔவையாரே பாராட்டிப் பாடியிருக்கிறார். திருக்கோவலூரை ஜயித்தவன் வீட்டுப் பெரியம்மாள் அதே திருக்கோவலூருக்குப் பெண் கொடுக்க வந்தால், சம்பந்தி வீட்டார் எப்படி வரவேற்றிருப்பார்கள்?

இன்னொன்று. அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது தூது போனவர் ஔவையார். தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து அவர் சொன்ன சாமர்த்தியமான வார்த்தையைத் தமிழ்நாடு இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. அப்பேர்ப்பட்ட தூது நாயகி, தன்னைப் பிரிய மாட்டாத பாரியின் மலையை மூன்று படைகள் சூழ்ந்தபோது வரவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? குழந்தை கேட்ட கேள்வி இதுதான். பரிசு பறித்த முன்கதையைச் சேர்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. சிநேகத்தைக் கூட்டக் கூட்ட, வராமல் போனதன் குற்றமும் கூடிக்கொண்டே போகிறது.

கதை சொன்னவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆகையால் முன்கதைக்கும் முன்கதை பிறந்தது. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த ஏழு குழந்தைகளில் ஔவையும் ஒருத்தி, கபிலரும் ஒருவர், திருவள்ளுவர் ஒருவர், அதியமான் ஒருவன்! ஒரே அடியில் எல்லோரும் உடன்பிறந்தவர்கள். கபிலர் விட்ட காரியத்தை அவர் அக்கா முடித்தாள் என்றால் யார் ஆட்சேபிக்க முடியும்? ஆனால் நெல்லிக்கனி கொடுத்த வள்ளல் கூடப் பிறந்தவனாகிவிட்டான். கொடுத்தவனின் பெருமை பாதியாகிவிட்டது. வீட்டுக்குள் கொடுத்துக்கொள்வதற்கு வள்ளல் என்று பெயர் உண்டா?

நெல்லிக்கனி என்றதும் ஞாபகம் வருகிறது. சங்க காலத்து ஔவை எப்படிச் சுந்தரர் காலத்தில் இருந்தாள், எப்படிக் கம்பர் காலத்திலும் ஆத்திசூடி பாடிக்கொண்டிருந்தாள் என்று கேட்டால், சாகாத கனி தின்றவள் ஆயிற்றே என்று பதில் தயாராக இருக்கிறது. புறநானூற்றில் அது ஒரு நட்பின் அடையாளம். பிற்காலத்தில் அதுவே கிழிந்த இடத்தில் எல்லாம் வைத்துத் தைக்கிற ஒட்டுத்துணியாகிவிட்டது! ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெண் புலவர்கள் இருந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. ஆனால் நம் வீடுகளில் ஒரே பாட்டிதான். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவளாகவே வந்து நின்ற பிறகு, இரண்டாவது ஔவைக்கு யார் மனசிலும் இடம் இல்லாமல் போய்விட்டது.

* * *

இதையெல்லாம் நான் ஆற்றங்கரையில் அடுக்கிச் சொன்னேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்வதெல்லாம் சரியாய்த்தான் இருக்கும். எங்கப்பா செத்துப்போனபோது எனக்குப் பதினாலு வயசு. சித்தப்பா இரண்டு இடத்தில் வரன் பார்த்தார். இரண்டு பேரும் வேண்டாம் என்று விட்டார்கள். அப்புறம் பெரிய அத்தை வந்தாள். மொட்டைத் தலையும் முக்காடுமாய், யாரும் கூப்பிடாமலே வந்தாள். ஒரு வருஷம் வீடு வீடாய் ஏறி இறங்கி உங்கப்பாவைப் பார்த்து முடித்தாள். அந்தக் கிழவி இல்லாவிட்டால் நீயும் இல்லை, உன் பத்திரிகையும் இல்லை. கபிலர் பெரிய மனுஷர்தான். கல்யாணத்துக்கு ஒரு கிழவி வேண்டாமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஔவையாரைப் பந்தலுக்குள் கொண்டுவந்தவர்கள் யார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தாற்போல் இருந்தது. ஏட்டில் எழுதியவர் யாராகவும் இருக்கட்டும். அதைக் கேட்டுக் கேட்டு உயிரோடு வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண்கள். தகப்பனில்லாத இரண்டு பெண்கள் யாரோ வீட்டில் ஒப்படைக்கப்பட்டார்கள், அதற்குப் பிறகு தகவல் இல்லை என்ற முடிவை அவர்களால் தாங்க முடியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தங்கள் வாழ்க்கையில் யார் வந்து நின்றாளோ, அவளையே கதையிலும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கதையில் காலம் குழம்பினால் என்ன, பெண் கரையேறினாளே என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கட்சியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. புறநானூற்றில் அந்தப் பெண்கள் தாங்களே வாய் திறந்து பாடினார்கள். கல்யாணக் கதையில் எல்லாப் பாட்டும் ஔவையார் பாட்டு. பெண்கள் கீரை சமைக்கிறார்கள், சிற்றாடை கொடுக்கிறார்கள், மணையில் உட்காருகிறார்கள். காப்பாற்ற ஒருத்தி வந்தவுடன் அவர்கள் குரல் போய்விட்டது. இரண்டு வாசலில் அவமானப்பட்ட கபிலரின் துக்கமும் போய்விட்டது. எல்லாவற்றையும்விட, மூவேந்தரின் குற்றம் போய்விட்டது. மலையைப் பறித்துத் தகப்பனைக் கொன்றவர்கள், பனம்பழம் கேட்கிற விருந்தாளிகளாகி, அட்சதை போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"ஒருவேளை அவர்கள் தலை குனிஞ்சு நிக்கட்டும் என்றுதான் ஔவைப் பாட்டி கூப்பிட்டாளோ?" என்றாள் குழந்தை. எனக்கு அது தோன்றவே இல்லை. அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

* * *

கதை சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஔவைப் பாட்டியைக் கல்யாணப் பந்தலிலிருந்து துரத்த வேண்டாம். அவளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் அவளை அழைத்து வருமுன், அந்த ஐந்தடிப் பாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்கள் தாங்களே பாடியது அது ஒன்றுதான் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. பிறகு கபிலர் வாசல் வாசலாகப் போனதைச் சொல்லுங்கள். அதற்கப்புறம், "இதைக் கேட்டவர்களுக்கு மனசு பொறுக்கவில்லை, ஆகையால் பின்னால் ஒரு பாட்டியைச் சேர்த்தார்கள்" என்று ஒளிக்காமல் சொல்லி, கல்யாணத்தை ஜாம் ஜாம் என்று நடத்துங்கள். பனந்துண்டமும் பழுக்கட்டும், பெண்ணையில் பாலும் ஓடட்டும்.

மூவேந்தர் உள்ளே நுழையும் இடம் வந்ததும் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். மணையில் உட்கார்ந்திருந்த அக்காளும் தங்கையும் அப்போது நிமிர்ந்து பார்த்தார்களா, பார்க்கவில்லையா? அதை மட்டும் உங்கள் வீட்டுப் பெண் குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள்.